திருநாட்டுக்குப் போன வையம்பட்டிக்காரர்

எங்கள் ஊரில் எழுத்தாளர்களுக்கு வருஷா வருஷம் விருந்து போடும் வழக்கம் ஓர் அச்சுப்பிழையில் பிறந்தது. ஐம்பதுகளின் நடுவில், ஜில்லா எழுத்தாளர்களுக்கு 'விருது வழங்கும் விழா' என்று அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தார்கள். அச்சுக் கோத்தவர் பசியோடு இருந்திருக்க வேண்டும். 'விருந்து வழங்கும் விழா' என்று கோத்துவிட்டார். அதுவரை இலக்கியத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காத பெரிய கடைத்தெரு வியாபாரிகள் எல்லாம் குடும்பத்தோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கினார்கள். அச்சகம் எங்கள் எழுத்தாளர் சங்கத் தலைவருடையது. தன் அச்சகத்தில் பிழை வந்தது என்று ஒப்புக்கொள்வதைவிட, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இலை போடுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது. அடுத்த வருஷமும் ஜனங்கள் இலையை எதிர்பார்த்து வந்தார்கள். இப்படித்தான் திருச்சியில் இலக்கியம் வேரூன்றியது.

தலைவரை நாங்கள் 'பெரியவர்' என்போம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் வீடு. பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம்; அவர் காலத்தில் அச்சகமும் சேர்ந்துகொண்டது. அந்த வீட்டில் சமையல் கிடையாது, தளிகைதான். ரசம் கிடையாது, சாத்தமுதுதான். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்பார்கள். பெயர் எதுவானாலும் ருசி ஒன்றுதான் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் எங்கள் காரியதரிசிக்கு அந்தப் பாஷையின் மேல் தீராத மையல். அவருக்குப் பூர்வீகம் உறையூர்ப் பக்கம், ஜவுளிக்கடை. பெரியவரைக் குளிர்விப்பதற்காக அவர் வீட்டுப் பாஷையைப் பாதி கற்றுக்கொண்டார். மீதிப் பாதியைத் தானே தயார் செய்துகொண்டார். எந்த வார்த்தைக்கு முன்னாலும் ஒரு 'திரு'வைப் போட்டுவிட்டால் ஸ்ரீரங்கத்துப் பாஷை ஆகிவிடும் என்பது அவர் கண்டுபிடித்த இலக்கணம். பெரியவர் காப்பி சாப்பிட்டால் "தேவரீர் திருக்காப்பி ஆச்சுதா?" என்பார். ஒருமுறை பெரியவருடைய கார் கொள்ளிடக்கரையில் நின்றுபோனபோது, "ஸ்வாமி, திருச்சக்கரத்திலே காத்து இறங்கி அருளிடுத்து" என்றார். பெரியவர் சிரிக்கவில்லை. மரியாதை எந்த உருவத்தில் வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மனுஷர் அவர்.

நான் அப்போது காட்டூரில் குடியிருந்தேன். பகலில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்ய எழுத்தாளன். என் கட்டுரைகளைப் படித்துப் பலர் விழுந்து விழுந்து சிரித்ததாக என் மனைவி சொல்லியிருக்கிறாள். அவள் படித்ததில்லை. அந்தக் கட்டுரைகளைத் தொகுத்து, புஸ்தகமாகப் போடச் சொல்லிப் பெரியவரிடம் கொடுத்து வைத்திருந்தேன். "பார்க்கலாம்" என்று வாங்கி வைத்தார். அவர் பார்க்கலாம் என்றால், நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு வருஷம், விருந்தோடு ஒரு பரிசும் உண்டு என்று பெரியவர் அறிவித்தார். ஜில்லாவில் சிறந்த நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தன் செலவில் அச்சிட்டு வெளியிடுவதாகச் சொன்னார். பரிசு வையம்பட்டிக்காரர் ஒருவருக்குப் போயிற்று. மானாவாரிப் பூமியில் கடலையும் சோளமும் போடுகிற குடியானவர். நாவலை எழுத ஒரு மாமாங்கம் பிடித்ததாம். பட்டணத்துப் பிரசுரக்காரர்கள் எல்லோரையும் சுற்றிவிட்டு, ஓரமெல்லாம் நைந்து திரும்பி வந்த பிரதி.

தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளர் ஒருவரும் இருந்தார். விரிவுரையாளருக்கு நாவல் பிடிக்கவில்லை. "பக்கத்துக்குப் பக்கம் எரு வாடை அடிக்கிறது" என்றார். நானும் தலையாட்டினேன். நான் நாவலைப் படித்திருக்கவில்லை. பெரியவரும் படிக்கவில்லை. ஆனால் போட்டிக்கு வந்த மற்ற இரண்டு நாவல்களும் அவருடைய எதிர்க்கட்சி அச்சகக்காரரின் சொந்தக்காரர்கள் எழுதியவை. ஆகவே, இலக்கியத் தகுதி அடிப்படையில் வையம்பட்டி ஜெயித்தது.

விருந்துக்கு நாலைந்து நாள் முன்னால் வையம்பட்டிக்காரர், அச்சுக்கென்று சுத்தமாக நகல் எடுத்த பிரதியை அச்சகத்தில் நேரில் கொடுக்க வந்தார். கொடுத்துவிட்டு வந்தவரை ஜங்ஷன் பக்கம் ஒரு காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். ஒல்லியான, கறுத்த மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஊர்ல என்னைப் பைத்தியம்னுதாங்க சொல்றாங்க" என்றார். "எங்கப்பாரு சாகற வரைக்கும், ஏரைப் புடிக்கிற கையில பேனாவைப் புடிச்சிட்டானேன்னு திட்டிக்கிட்டே இருந்தாரு. எம் பொண்டாட்டி திட்டறதில்லீங்க. ஆனா எழுத உக்காந்தா மாட்டை அவுத்து விட்டுடுவா. நான் எழுந்திரிச்சு ஓடணும்ல."

"புஸ்தகம் வந்தா எல்லாம் சரியாயிடும்" என்றேன். என் அனுபவத்தில் இல்லாத விஷயங்களைப் பற்றி நான் எப்போதும் உறுதியாகப் பேசுவேன்.

"ஒரே ஒரு தடவை அச்சுல பாத்துட்டாப் போதுங்க. அப்புறம் செத்தாலும் பரவால்லே."

காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் மேற்கே இருண்டு கொண்டு வந்தது. வையம்பட்டிப் பக்கம் நல்ல மழை என்று பஸ்ஸில் வந்த யாரோ சொன்னார்கள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். வழியில் காரியதரிசியின் கடையில், "விதைச்சுப் போட்டுட்டு விருந்துக்கு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் போனார். நான்தான் ஏற்றிவிட்டு வந்து காரியதரிசியிடம் சொன்னேன்.

மறுநாள் காரியதரிசி பெரியவரைப் பார்க்கப் போனார். அங்கே நடந்த சம்பாஷணையைப் பிற்பாடு காரியதரிசியே என்னிடம் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"வையம்பட்டிக்காரர் எங்கே? முகவுரைக்கு அவரைப் பத்திச் சில தகவல் வேணுமே" என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் காரியதரிசியின் இலக்கணம் சும்மா விடுமா? ஊர் என்பது கொச்சை. நாடு என்பது கொஞ்சம் மேல். அதற்கு முன்னால் ஒரு திரு.

"அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிட்டார், ஸ்வாமி."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். திருநாடு என்றால் வைகுண்டம். அங்கே எழுந்தருளியவர் பஸ்ஸில் திரும்பி வருவதில்லை.

பெரியவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டாராம். "அடடா! எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"திடீர்னா?"

"ஆமாம் ஸ்வாமி. பேசிண்டே இருந்தாராம். சட்டுனு கிளம்பிட்டாராம்."

"கூட யார் இருந்தா?"

"யாருமில்லே. தனியாத்தான் போனார்."

"எல்லாரும் தனியாத்தான் போயாகணும்" என்று பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "சிரமப்பட்டாரோ?"

"இல்லே ஸ்வாமி. நல்ல இடமாக் கிடைச்சுதாம். ஜன்னல் ஓரம்."

இந்த ஜன்னல் பெரியவர் காதில் விழவில்லை. அவர் ஏற்கனவே உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவிட்டார். இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு நீண்ட முகவுரை எழுதினார். 'கையில் இருந்த நாவலை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் காலன் கையில் தன்னை ஒப்படைத்தார்' என்று ஆரம்பம். அதைப் படித்து அச்சகத்து போர்மன் அழுதார். பெரியவர் தம் வாழ்நாளில் எழுதிய நல்ல உரைநடை அது ஒன்றுதான். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. விருந்தன்று மேடையில் காட்டுவதற்காக, தலைப்புப் பக்கமும் முகவுரையும் சேர்ந்த முதல் பாரத்தை, அதாவது முதல் பதினாறு பக்கத்தை, உடனே அச்சில் ஏற்றச் சொன்னார். ஆசிரியர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று பெரிய எழுத்தில் கோக்கப்பட்டது. இந்தத் தடவை அச்சுக் கோத்தவர் எந்தப் பிழையும் செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து அச்சகத்து ஆள் மூலமாகச் சாவுச் செய்தி காரியதரிசியின் கடைக்கு வந்து சேர்ந்தது. தான் சொன்ன செய்திதான் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தோன்றும்? "ஐயோ, விதைக்கணும்னு போனாரே! போன இடத்திலே போயிட்டாரே!" என்று எல்லோருக்கும் முன்னால் அழுதவர் அவர்தான். எனக்குச் சொல்லியனுப்பியவரும் அவர்தான். மழை, வெறுங்கால், வயல், பாம்பு என்று காரணத்தைக்கூட நாங்களாகவே ஊகித்துக்கொண்டோம்.

விருந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதலில் கூட்டம், பிறகு பந்தி. வாசலிலேயே ஒரு சோகம் தெரிந்தது. பாயசம் இல்லை. துக்கம் விசாரிக்கிற இடத்தில் திருக்கண்ணமுது பரிமாறக் கூடாது என்று பெரியவர் உத்தரவு போட்டுவிட்டார். கடைத்தெருக்காரர்கள் முகத்தில் அப்போதுதான் உண்மையான துயரத்தைப் பார்த்தேன்.

"செத்தவர் நம்ம ஆள்கூட இல்லையே. ஒரு டம்ளர் ஊத்தினா என்னவாம்?" என்றார் என் பக்கத்தில் நின்ற எண்ணெய்க் கடைக்காரர்.

மௌன அஞ்சலி முடிந்து பேச்சுகள் ஆரம்பித்தன. எழுத்தாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவன் இனிமேல் கேட்கவே முடியாது என்று நிச்சயமாகிவிட்டால் அவனைப் புகழ்வதில் எங்களுக்கு நிகர் கிடையாது. எரு வாடை என்று மூக்கைப் பிடித்த விரிவுரையாளர், "பக்கத்துக்குப் பக்கம் மண் வாசனை! இனி யார் நமக்கு இதைத் தரப்போகிறார்கள்?" என்று குரல் கம்மச் சொன்னார். எனக்கும் வாய்ப்பு வந்தது. "அவருடைய அந்தரங்க நண்பன் என்ற முறையில்" என்று தொடங்கினேன். ஒரு காப்பிக்கு அந்த அளவு நட்பு அதிகம்தான். கடைசியில் என் குரலும் உடைந்தது. உடைக்கத் தெரியும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு பெரியவர் எழுந்து, அச்சான முதல் பாரத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்த அமர காவியத்தை ஒரே மாதத்தில் வெளியிடுவேன். இது அந்த ஆத்மாவுக்கு அடியேன் செய்யும் கைங்கரியம்."

கூட்டம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. கடைசியில், வாசல் பக்கத்தில், ஒரே ஒருவர் கை தட்டினார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தேரோட்டம் பார்க்கிற மாதிரி தட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் வரை செம்மண். தோளில் துண்டு. காலடியில் ஒரு கட்டு முருங்கைக்காய். முகம் முழுக்கச் சிரிப்பு. 'ஒரே மாதத்தில்' என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"யாரது, விவஸ்தை இல்லாமே?" என்றார் பெரியவர்.

"நான்தாங்கய்யா. வையம்பட்டி."

"எந்த வையம்பட்டி?"

"இப்ப நீங்க சொன்ன வையம்பட்டிதாங்க. பஸ்ஸு மணப்பாறையில நின்னு போச்சு. மன்னிச்சுக்கணும்."

எனக்கு முதலில் பயம் வந்தது. அடுத்து மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசினோமே, எல்லாம் வீணாய்ப் போயிற்றே என்றுதான் இருந்தது. விரிவுரையாளரைப் பார்த்தேன். அவர் முகத்திலும் அதுவே எழுதியிருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் எண்ணெய்க் கடைக்காரர். "அப்ப பாயசம் உண்டா?"

சமையல்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "அதெப்படி? அத்தனை பாலையும் உறை ஊத்தியாச்சே!"

அந்தக் கணத்திலிருந்து வையம்பட்டிக்காரரை யாரும் மன்னிக்கவில்லை. "வர்றதுன்னா காலையிலேயே வந்திருக்கணும்" என்று ஒருவர் முணுமுணுத்தார். "ஒரு தந்தியாவது அடிக்கக் கூடாதா?" என்றார் இன்னொருவர்.

பெரியவர் காரியதரிசியைப் பார்த்தார். "ஏன்காணும், திருநாட்டுக்குன்னீரே?"

"ஆமாம் ஸ்வாமி. அவரோட நாட்டுக்கு. வையம்பட்டிக்கு." காரியதரிசி அங்கவஸ்திரத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மரியாதைக்கு ஒரு திரு போட்டேன்."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். கூட்டம் கூடச் சிரித்து, விஷயம் அதோடு முடிந்திருக்கும். பெரியவர் பிழையை ஒப்புக்கொள்ளும் ஜாதி அல்ல என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். கையிலிருந்த பாரத்தை ஒரு தடவை பார்த்தார். தன்னுடைய முகவுரையைத்தான் பார்த்தார். பிறகு வையம்பட்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீர் உயிரோட இருக்கிற விஷயத்தை ஒரு கார்டிலே எழுதிப் போட்டிருக்கலாமே, ஓய்."

வையம்பட்டிக்காரருக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் விளங்கியது. சிரித்தார். தன்னைப் பற்றி நடந்த வேடிக்கை என்றுதான் நினைத்தார். முருங்கைக்காய்க் கட்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து பெரியவர் முன்னால் வைத்தார். "நம்ம வீட்டு மரத்துதுங்க."

"எங்க தளிகையிலே முருங்கை சேர்க்கறதில்லே" என்றார் பெரியவர்.

பந்தி நடந்தது. எல்லோரும் சாத்தமுதை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது வையம்பட்டிக்காரர் சாப்பிடாமல் பெரியவர் பக்கத்தில் போய் நின்றார்.

"புஸ்தகம் வருமில்லீங்களா?"

"நினைவு வெளியீடுன்னு சபையிலே அறிவிச்சாச்சு" என்றார் பெரியவர். "பேப்பருக்கும் செய்தி போயாச்சு. முதல் பாரம் அடிச்சாச்சு. அடிச்சது அடிச்சபடி இருக்கிறதுன்னா புஸ்தகம் வரும். அதை மாத்தணும்னா, வரிசையிலே நில்லும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அமரர்னு போட்டிருக்கீங்களே?"

"ஒரு நாள் எல்லாருக்கும் போடறதுதானே?"

பக்கத்து இலையிலிருந்து விரிவுரையாளர், "உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டால் சில அத்தியாயங்களைத் திருத்தவும் வேண்டியிருக்கும். அந்த எரு வாடை..." என்றார்.

வையம்பட்டிக்காரர் என்னைப் பார்த்தார். அந்தரங்க நண்பன் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான். என்னுடைய தொகுதியும் பெரியவர் அலமாரியில்தான் இருந்தது. மாட்டை அவிழ்த்து விட்டால் எழுந்து ஓடுகிறவர், அன்றைக்கு ஓடவில்லை.

"அப்படியே இருக்கட்டுங்க" என்றார். போய் இலையில் உட்கார்ந்து, மோர்சாதம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார்.

புஸ்தகம் சொன்னபடி ஒரே மாதத்தில் வந்தது. நன்றாகவும் விற்றது. செத்தவர்மேல் யாருக்கும் பொறாமை இல்லாததால் எல்லோரும் பாராட்டி எழுதினார்கள். நானும் அப்போதுதான் படித்தேன். எங்கள் எல்லோரையும்விட நன்றாக எழுதியிருந்தார். அவர் செத்துப்போனதாகவே இருக்கட்டும் என்று தோன்றும் அளவுக்கு நன்றாக. வையம்பட்டிக்கு அனுதாபக் கார்டுகள் வந்தன. எல்லாம் அவர் மனைவி பேருக்கு. அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. இவரே உட்கார்ந்து படித்துக் காட்டுவாராம். 'தங்கள் கணவரின் பிரிவு' என்ற இடம் வரும்போது அவள், "எங்க பிரிஞ்ச? மாட்டைக் கட்டு, போ" என்பாளாம்.

அடுத்த வருஷ விருந்தில் அவருடைய முதலாம் ஆண்டு நினைவைக் கொண்டாடினார்கள். போட்டோ கிடைக்காததால் புஸ்தகத்துக்கே மாலை போட்டிருந்தார்கள். அழைப்பு அவருக்குப் போகவில்லை. எந்த விலாசத்துக்கு அனுப்புவது? ஆனாலும் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அந்த வருஷம் பாயசம் உண்டு. யாரும் அவரை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எண்ணெய்க் கடைக்காரர் மட்டும் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் பாயசத்தைக் குடித்து முடித்தார்.

"இன்னொரு நாவல் முடிச்சிருக்கேங்க" என்றார் வையம்பட்டிக்காரர், குரலைத் தாழ்த்தி. "பெரியவர்கிட்ட கொண்டுபோனேன். அமரர் எப்படிய்யா ரெண்டாவது எழுதுவார்னு கேக்கறாரு. நியாயந்தானுங்களே?"

"நியாயந்தான்" என்றேன்.

"அதான் யோசிச்சேன். வேற பேர்ல இன்னொரு தடவை செத்தா ஆகுங்களான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. நீங்க எனக்கு அந்தரங்க நண்பராமே, காரியதரிசி சொன்னாரு."

அவர் முகத்தில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்கும். என் தொழில் அது. இலையை மடித்துவிட்டு எழுந்து போய்க் கேட்டேன்.

பெரியவர் கை அலம்பிக்கொண்டே கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பார்க்கலாம். ஆனா அவருக்கு ஒரு தரம் ஆச்சு. நம்ம அலமாரியிலே அவருக்கு முன்னாலே வந்தவாள்லாம் காத்திண்டிருக்காளே" என்றார். பிறகு என் தோளில் கையை வைத்து, இத்தனை வருஷத்தில் காட்டாத பரிவோடு விசாரித்தார்:

"உமக்கு உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"